ஒரு சாண் உயரத்தில் ஓர் ஊர்

இன்று மாலை உங்களைக் கோடியக்கரைக்கு அழைத்துப் போகலாம் என்று வந்திருக்கிறேன். நாம் டெல்டாக்காரர்கள். கோடியக்கரை நமக்குத் தூரதேசம் அல்ல. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அங்கே ஆதிசேதுக் கடலில் முழுகி எழுந்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருப்பீர்கள். ஆனாலும் கேட்கிறேன். முழுகி எழுந்தோம், ஈரத் துணியைப் பிழிந்தோம், வண்டி ஏறினோம். ஊரைப் பார்த்தோமா?

"அங்கே பார்க்க என்ன சார் இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். மலை இல்லை. அருவி இல்லை. வானளாவிய கோபுரம் இல்லை. கடற்கரையோரம் ஒரு சிற்றூர், அதற்கு முன்னால் ஒரு காடு, பக்கத்தில் ஒரு சதுப்பு. அவ்வளவுதானே என்கிறார்கள். நான் சொல்கிறேன், அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கோடியக்கரை புலப்படாது. அங்கே எல்லாமே ஒரு சாண் உயரத்தில் நடக்கிறது. ஒரு சாண் மேடானால் காடு. ஒரு சாண் பள்ளமானால் சேறு. ஒரு சாண் நீர் கூடினால் ஒரு பறவை போகும், இன்னொரு பறவை வரும். ஒரு சாண் மணல் மேட்டால் பிழைத்த குடும்பங்கள் உண்டு. அந்த ஒரு சாணைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் வரைபடத்தை மனத்தில் விரித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகை என்று கரை தெற்கே இறங்கிக்கொண்டே வருகிறது. வேதாரண்யம் தாண்டியதும் சட்டென்று மேற்கே திரும்பி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் போய்விடுகிறது. அந்தத் திருப்பத்தின் முனையில் இருப்பதுதான் கோடியக்கரை. கிழக்கே வங்கக்கடல். தெற்கே பாக் நீரிணை. அதற்கு அப்பால் யாழ்ப்பாணம். ஒரே ஊரில் நின்றுகொண்டு இரண்டு குணமுள்ள இரண்டு கடல்களைப் பார்க்கலாம்.

வேதாரண்யத்திலிருந்து தெற்கே பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். அகத்தியம்பள்ளி வரும், பிறகு கோடியக்காடு வரும், அதன்பின் காடு, காடு முடிந்தால் ஊர். ஒரு காலத்தில் ரயிலே கோடியக்கரை வரை ஓடியது. இப்போது ரயில் அகத்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் நின்றிருந்த அந்த ரயிலும் 2023 ஏப்ரலில்தான் அகலப் பாதையில் மறுபடி ஓடத் தொடங்கியது. நீங்கள் ரயிலில் போனாலும் சரி, பேருந்தில் போனாலும் சரி, முதலில் கண்ணில் படுவது உப்பளம். ஆகவே உப்பிலிருந்தே தொடங்குவோம்.

உப்பு எப்படி விளைகிறது? நம் வீட்டுக் குழம்பில் நாள்தோறும் கரைகிற பொருள்தான். ஆனால் விளைகிற இடத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? உப்புநீரை முதலில் பெரிய பரப்பில் தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் அதை வற்ற வைக்கும். வற்றிய நீரை அடுத்த பரப்புக்கு விடுகிறார்கள். அங்கே இன்னும் வற்றும். கடல்நீர், உப்பின் செறிவைக் காட்டும் போமே அளவில் 3 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். அது 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். டிகிரி பார்க்க மிதக்கும் கண்ணாடிக் குழல் உண்டு. ஆனால் பழகிய தொழிலாளி விரலால் நீரைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தே, "இன்னும் ரெண்டு நாள் போகணும்" என்று சொல்லிவிடுவார்.

கடைசிப் பாத்தியைக் குனிந்து பாருங்கள். நீர் ஒரு சாண்கூட இருக்காது, விரல் நீளம் இருந்தால் அதிகம். காலையில் அதன் மேல் மெல்லிய ஏடு படரும். காற்று தொட்டால் ஏடு உடைந்து அடியில் இறங்கும். இறங்கியது கல்லாகும். சதுரம் சதுரமாக, கண்ணுக்குத் தெரிகிற பருமனில் வளரும். பிறகு வாருபலகையால் இழுத்து வரப்பில் குவிப்பார்கள். வாருகிறவர் கொஞ்சம் அழுத்தினால் மண் கலந்துவிடும், கொஞ்சம் தூக்கினால் உப்பு தங்கிவிடும். கை அளவறிந்து நடக்க வேண்டும். நின்று பாருங்கள், அந்த மனிதரின் காலையும் பாருங்கள். உப்புநீரில் நாள் முழுக்க நின்று வெடித்த பாதம் அது. தரையிலிருந்து அடிக்கிற வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கியபடியே வேலை செய்கிறவர் அவர். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அந்தப் பருவத்துக்கான வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைகிற வேதாரண்யத்தின் செல்வம் அத்தனையும் இந்த விரல் ஆழத்து நீரிலிருந்து வருகிறது.

இந்த விரல் ஆழத்து நீரைக் கண்டு ஒரு பேரரசு நடுங்கியதே, நினைவிருக்கிறதா? 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி உப்புச் சட்டத்தை மீறுவதற்காகத் திருச்சியிலிருந்து நூறு தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். நம் வயல்களின் ஊடாக, நம் வாய்க்கால் கரைகளின் மேல் நடந்தார். நடப்பவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் சிறை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் பறையறைவித்தார். நம் மக்கள் என்ன செய்தார்கள்? கையில் கொடுத்தால்தானே குற்றம்? சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 28 அன்று தொண்டர் படை வேதாரண்யம் சேர்ந்தது. உள்ளூர்த் தலைவர் வேதரத்தினம் பிள்ளை துணை நின்றார். 30 ஆம் தேதி அகத்தியம்பள்ளி அளத்தில் உப்பு அள்ளினார்கள். வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழில் செய்த வைரப்பன், தாம் சவரம் செய்துகொண்டிருப்பது போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்தார். அதற்காகச் சிறை சென்றார். வேதாரண்யம் சாலையில் போகும்போது அந்த மனிதரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உப்பளத்தைத் தாண்டுவோம். கோடியக்காட்டில் குழகர் கோயில். சுந்தரர் பாடிய தலம். அவர் வேதாரண்யத்தில் வழிபட்டுவிட்டுச் சேரமான் பெருமாளோடு இங்கே வந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. வந்தவர் என்ன பாடினார் தெரியுமா? பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. கடற்காற்று வந்து அறைகிற கரையில், அக்கம்பக்கம் குடியில்லாத காட்டில், இப்படித் தனியாக இருக்கிறாயே, உனக்கு யார் துணை என்று இறைவனைப் பார்த்து உருகினார். பக்தன் கடவுளுக்காகக் கவலைப்பட்ட இடம் அது. இன்றைக்கும் உச்சிவேளையில் போய்ப் பாருங்கள். பிரகாரத்தில் உங்கள் காலடி ஓசை உங்களுக்கே கேட்கும். அம்மனின் பெயர் மையார் தடங்கண்ணி. ஆளரவமற்ற காட்டின் நடுவே அப்படி ஓர் அழகிய பெயர்!

கோயிலிலிருந்து காட்டுக்குள் போனால் இராமர் பாதம். இராமபிரான் இந்த மேட்டில் நின்றுதான் இலங்கையைப் பார்த்தார் என்பது ஊரார் நம்பிக்கை. கல்லில் இரண்டு பாதங்கள், மேலே சிறு மண்டபம், ஏற நாலைந்து படிகள். இந்த முனையிலேயே உயரமான இடம் இதுதான். எவ்வளவு உயரம்? கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர். நம் ஊர் மாடி வீட்டு உயரம் இருந்தால் பெரிது. அங்கே ஏறி நின்றுதான் நாற்புறமும் பார்க்க வேண்டும். தட்டையாகக் கிடக்கிற நிலத்தில் அந்தச் சில மீட்டர் என்னவெல்லாம் காட்டுகிறது! மேற்கே சதுப்பு விரிந்து வானத்தோடு கலக்கும். நாலு பக்கமும் காட்டின் தலை பாய் விரித்ததுபோல் ஒரே மட்டமாகத் தெரியும். ஏன் ஒரே மட்டம்? கடற்காற்று ஆண்டு முழுக்கச் சீவிக்கொண்டே இருக்கிறது. தலை தூக்குகிற கிளையைக் காற்று விடுவதில்லை.

அந்தக் காட்டில் பாலை மரங்கள் மிகுதி. மெதுவாக வளர்கிற, இரும்பைப் போல் உறுதியான மரம். கோடையில் மஞ்சளாகப் பழுக்கும். வேதாரண்யம் கடைத்தெருவில் கூறு கட்டி விற்பார்கள். இரண்டு தின்றால் இனிப்பு, நாலு தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். உப்புக் கடல் சூழ்ந்த இந்தக் காட்டுக்குக் குடிநீர் ஏது? மழைநீரை மணல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. நல்ல நீர் இலேசு, உப்புநீர் கனம். ஆகவே மழைநீர் மேலே மிதக்கிறது, உப்புநீர் கீழே கிடக்கிறது. கை ஊற்று தோண்டினால் நல்ல நீர் வரும். பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். காடும், அதில் திரிகிற மானும், மட்டக்குதிரைகளும் அந்த மேல்நீரில்தான் காலம் தள்ளுகின்றன.

மான் என்றேன். வெளிமான் என்று வனத்துறை எழுதி வைத்திருக்கும் மான் அது. கிடா கருத்திருக்கும், கொம்பு முறுக்கியிருக்கும். வெட்டவெளிப் புல்தரைதான் அதற்கு வீடு. எதிரி வருவது தூரத்தில் தெரிய வேண்டும், நாலு கால் பாய்ச்சலில் ஓட இடம் வேண்டும். அந்த வெளியில் இன்று சீமைக் கருவேலம் முளைத்து முளைத்து மண்டுகிறது. ஒரு சாண் செடியாய் இருக்கும்போது பிடுங்காவிட்டால் மறு ஆண்டு அது மானுக்கு மறிப்பு. இந்தப் பிடுங்கலுக்கு ஆளும் பணமும் ஆண்டுதோறும் தேவை. ஒருமுறை அழித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிற வேலை அல்ல இது. 1967 இல் சரணாலயமாக அறிவித்தோம், 2002 இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தோம். அறிவிப்புப் பலகையைக் கருவேலம் படித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகுமா? நாம்தான் இறங்க வேண்டும்.

இனி, எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். சதுப்பு!

ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பெரும்பரப்பில் நீர் நிற்கும். எவ்வளவு? சில இடத்தில் முழங்கால். பல இடத்தில் கணுக்கால். இன்னும் பல இடத்தில் வெறும் பளபளப்பு. அந்த நேரத்தில் வட துருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறவைகள் வந்து இறங்குகின்றன. பூநாரையை எல்லோருக்கும் தெரியும். நாலு அடிக்கு மேல் நிற்கும், நீண்ட கால், வளைந்த அலகு. தலையைக் கவிழ்த்து அலகால் நீரை அலசிக் குடித்து, உயிரை மட்டும் நிறுத்திக்கொண்டு நீரை வெளியே விடும். வருகிறவர்கள் எல்லோரும் "பூநாரை எங்கே, பூநாரை எங்கே" என்றுதான் கேட்கிறார்கள். கேளுங்கள், தவறில்லை. அதன் காலடியில் ஓடுவது யார் என்றும் கேளுங்கள்.

அது கொசு உள்ளான். உடல் முழுவதும் சேர்ந்து ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். எடை முப்பது கிராமுக்குள். காலின் உயரம் ஓர் அங்குலம் வராது. ஆர்க்டிக் கரையில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, நம் சேற்றில் வந்து இறங்குகிறது. பறவையறிஞர் சாலிம் அலி இந்தச் சதுப்பின் அருமையை உணர்ந்து உலகுக்குச் சொன்னார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே தங்கிப் பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்துப் பறக்கவிட்டார்கள். எதற்கு எடை? தெற்கே வந்து இறங்கும்போது எலும்பும் தோலுமாய் இருக்கிற பறவை, பங்குனி சித்திரையில் கிளம்பும்போது கொழுப்பேறியிருக்க வேண்டும். அந்தக் கொழுப்புதான் திரும்பிப் போகிற வழிச்செலவு. அதைக் கொடுப்பது நம் கோடியக்கரைச் சேறு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அங்குலக் கால் உள்ள பறவைக்கு ஒரு சாண் நீர் என்றால் அது கடல். நீர் வற்றிச் சேறு காய்ந்துவிட்டால் அது பாலைவனம். நடுவில் இருக்கிற அந்த விரல் ஆழம்தான் அதற்குச் சோறு. பூநாரைக்கு ஓர் ஆழம், செங்கால் உள்ளானுக்கு ஓர் ஆழம், கொசு உள்ளானுக்கு ஓர் ஆழம். ஒரே சதுப்பில் எத்தனை பந்தி! எங்கோ ஒரு வரப்பை உயர்த்தினால், எங்கோ ஒரு முகத்துவாரம் மணலால் அடைபட்டால், ஒரு பந்திக்கு இலை விழாது. முன்போல் பறவைகள் வருவதில்லை என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கரண்டி மூக்கு உள்ளான் என்ற அரிய பறவை ஒரு காலத்தில் இங்கே பதிவானது. உலகம் முழுவதுமே சில நூறுதான் மிஞ்சியிருக்கின்றன. சதுப்பை வெறும் புறம்போக்கு என்று பேசுகிறவர்களிடம் நான் கேட்கிறேன்: ஆர்க்டிக்கிலிருந்து பறந்து வருகிற விருந்தாளிக்குத் தெரிந்த அருமை, அரைமணி நேரத்தில் வந்துவிடுகிற நமக்குத் தெரிய வேண்டாமா?

காட்டைக் கடந்து கடலுக்கு வருவோம். கோடியக்கரை என்றதும் நம்மில் பாதிப்பேருக்குப் பூங்குழலிதான் நினைவு வருவாள். கல்கி எழுதிய கதையில் கலங்கரை விளக்கக் காவலரின் மகள் அவள். துரத்தி வந்த வந்தியத்தேவனைச் சதுப்புக்குள் ஓடவிட்டுப் புதைசேற்றில் சிக்க வைத்தவள். கல்கி அந்த மண்ணை நன்றாக அறிந்திருக்கிறார். எந்த இடத்தில் கால் வைக்கலாம், எந்த இடத்தில் வைக்கக்கூடாது என்று ஊர்ப் பெண்ணுக்குத் தெரியும், வெளியூர் வீரனுக்குத் தெரியாது. ஒரு சாண் விலகினால் ஆள் காலி!

சோழர் காலத்தது என்று ஊரார் சொல்லும் கலங்கரை விளக்கம் ஒன்று உண்மையிலேயே அங்கே நின்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆழிப்பேரலை அதைச் சாய்த்தது. இப்போது இருப்பது அடிப்பகுதியும் சிதறிய செங்கல்லும்தான். ஆங்கிலேயர் காலத்து விளக்கும், பிற்பாடு கோடியக்காட்டில் எழுந்த உயரமான விளக்கும் நிற்கின்றன. பழையது மட்டும் போய்விட்டது. நான் அந்தச் செங்கல் குவியலின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எந்தக் கொற்றன் அடுக்கியதோ, எத்தனை மரக்கலத்துக்கு வழி காட்டியதோ! அதன் மேல் ஆடு ஏறி மேய்கிறது. ஒரு வேலி போட்டு, ஒரு பலகை நட்டு, இருக்கிற செங்கல்லையாவது காப்பாற்ற நமக்கு என்ன தடை?

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தக் கணக்கைச் சொல்லும்போது இன்றும் தொண்டை அடைக்கிறது. அதே கரையில் வேறொரு காட்சியும் உண்டு. வேதாரண்யத்துக்கு வடக்கே நாலுவேதபதி என்ற ஊரில் 2002 இல் ஒரே நாளில் 80,244 கன்றுகள் நட்டுக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார்கள். இரண்டு ஆண்டு வயதுள்ள அந்த மரங்கள் அலையின் வேகத்தை மட்டுப்படுத்தின. மணல்மேடு உயர்ந்திருந்த இடம், மரம் அடர்ந்திருந்த இடம், இவற்றின் பின்னால் இருந்தவர்கள் பிழைத்தார்கள். மணல்மேட்டை மட்டம் தட்டி வீடு கட்டுவது என்பது, காவல் நாயை அடித்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலை கஜா புயல் வந்தது. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. நம் தென்னைகள் போனதை நாம் அறிவோம். கோடியக்காட்டில் நூற்றாண்டுப் பாலை மரங்கள் வேரோடு சாய்ந்தன. மான்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுத் தூரத்துக் கரைகளில் ஒதுங்கின. இன்று போனால் காடு தழைத்திருக்கும். சாய்ந்த மரத்தின் பக்கக் கிளை புது மரமாக நிமிர்ந்திருப்பதைக் காணலாம். ஆனால் பாலை மெதுவாக வளர்கிற மரம் என்று சொன்னேனே. கருவேலம் வேகமாக வளர்கிற மரம். காலி இடத்தை யார் முதலில் பிடிப்பது என்ற போட்டி அங்கே இன்னும் முடியவில்லை.

பறவைகள் வருகிற அதே மாதங்களில்தான் மனிதர்களும் கோடியக்கரைக்கு வலசை வருகிறார்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை மீன்பிடிப் பருவம். நாகை, காரைக்கால், கடலூர்ப் பக்கத்து மீனவர்கள் படகோடும் வலையோடும் குடும்பத்தோடும் வந்து கரையில் கொட்டகை போடுகிறார்கள். சின்னஞ்சிறு ஊர் திடீரென்று சந்தையாகிவிடும். விடியற்காலையில் போய் நில்லுங்கள். ஃபைபர் படகுகள் கரை ஏறும். காலாவும் வாவலும் ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம். வலையிலிருந்து நண்டை எடுக்கிற அம்மாவைப் பாருங்கள். கொடுக்கு ஒடியக்கூடாது, ஒடிந்தால் விலை குறையும். வலை அறுபடக்கூடாது, அறுபட்டால் மறுநாள் தொழில் கெடும். நண்டின் முதுகை ஒரு விரலால் அழுத்தி, காலில் சிக்கிய நூலை ஒவ்வொன்றாக விலக்கி எடுப்பார். கேட்டால், "புடிச்சா விடாது தம்பி, அதான் அது புடிக்கிறதுக்குள்ள நாம எடுத்துரணும்" என்பார். எதிர்க்கரையான இலங்கை கண்ணுக்குத் தெரியாத தூரம், ஆனால் கடலில் போகிறவருக்கு அது எப்போதும் நெஞ்சில் உறுத்துகிற தூரம். எல்லை என்பது நீரில் எழுதியிருக்காது. போன பிள்ளை கரை திரும்புகிற வரை அந்தக் கொட்டகைகளில் அடுப்பு எரிந்தாலும் மனம் ஆறுவதில்லை.

அதே கரையில் தை, மாசியில் பங்குனி ஆமை ஏறி வரும். பின்னங்காலால் முழ ஆழத்துக்கு மணலைத் தோண்டும். நூறுக்கு மேல் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். நரியும் நாயும் தோண்டித் தின்றுவிடாமல் வனத்துறையினர் இரவில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் குஞ்சு வெளிவரும். பார்க்க வாய்த்தால் டார்ச் அடிக்காதீர்கள். வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சு கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தின் பின்னால் வந்துவிடும்.

நண்பர்களே, தை மாதத்தில் நம் நூலக வாசகர் வட்டத்தின் சார்பில் கோடியக்கரைக்குப் போவதாக இருக்கிறோம். அமாவாசை நாள் வேண்டாம், கூட்டத்தில் ஊர் தெரியாது. வனத்துறையிடம் முன்கூட்டி அனுமதி வாங்கிவிடுவோம். முதல்நாள் பிற்பகல் உப்பளம், குழகர் கோயில், இராமர் பாதம். மறுநாள் விடியலில் கரை, பிறகு சதுப்பு. இருநோக்கி வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், இல்லாதவர்களுக்கு இருப்பவர்கள் கொடுக்க வேண்டும். ஊர்ப் பையன்களையே வழிகாட்டிகளாக வைத்துக்கொள்வோம், அவர்களுக்கு உரிய கூலியைக் கொடுப்போம். உப்பும் கருவாடும் அங்கேயே வாங்குவோம். தண்ணீருக்குச் செம்பு, தூக்கு எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வண்டியில் ஏறக்கூடாது. கருவேலங்கன்று பிடுங்க ஒரு காலைப்பொழுது கொடுக்க முடியுமா என்று வனத்துறையிடம் கேட்டிருக்கிறேன். சம்மதித்தால் கையுறை நான் கொண்டு வருகிறேன். வர விரும்புகிறவர்கள் வாசல் மேசையில் உள்ள நோட்டில் பெயரையும் வயதையும் எழுதிவிட்டுப் போங்கள். மாணவர்களுக்கு முதலிடம்.